தொரப்பள்ளி ராஜாஜி இல்லத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது எப்படி

ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை அரசு சீரமைத்து நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகள் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடம் அது. ஆனால் போய்வந்த பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 'போட்டோ பார்த்தோம் சார்' என்பதற்கு மேல் பதில் வராது. நான் முதன்முறை நாற்பத்திரண்டு பேரை அழைத்துச் சென்றபோது, அத்தனை பேரையும் ஒரே வரிசையில் உள்ளே விட்டேன். முன்னால் நின்றவனைப் பின்னால் நின்றவன் நெட்டித் தள்ள, ஏழெட்டு நிமிடத்தில் வரிசை முழுவதும் வெளியே வந்து குழாயடியில் நின்றது. அரண்மனை என்றால் கூட்டமாகப் போனாலும் ஏதாவது கண்ணில் படும். ஒரு குடும்பம் குடியிருந்த சிறிய வீட்டில் முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும். ஆகவே இங்கே செய்ய வேண்டிய ஆயத்தமெல்லாம் பிள்ளைகளைப் பிரித்து, நிறுத்தி, பார்க்க வைப்பதற்கானது.

எழுத்து வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் ஒப்புதல் கடிதம், கல்வி அலுவலரின் அனுமதி, இரண்டு படிகளில் பெயர்ப் பட்டியல் ஆகியவை எல்லாப் பயணத்துக்கும் உள்ளவைதாம். கூடுதலாக, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், பூட்டிய கதவின் முன் பிள்ளைகளோடு நிற்கும் நிலை வராது. டிசம்பர் 10 ராஜாஜியின் பிறந்த நாள். அன்று மாலை அணிவிக்க வருவோரின் கூட்டம் இருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

பயணத்துக்கு முந்தைய வாரம் இரண்டு பாடவேளைகளை இதற்கென ஒதுக்குங்கள். முதல் பாடவேளையில் ஒரு விடுகதையோடு தொடங்கலாம்: ஓர் இம்மியும் நகராத ஒரு வீடு மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறது, எப்படி? ராஜாஜி 1878-இல் பிறந்தபோது தொரப்பள்ளி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானதும் அதில் சேர்ந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகளுக்கு, 1937-இல் ராஜாஜி கொண்டுவந்த சென்னை மாகாணத்தின் முதல் மதுவிலக்கு சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது என்று சொன்னால், அது எங்கோ நடந்த செய்தியாக இராமல் தங்கள் தாத்தாவின் ஊரில் நடந்த செய்தியாகிவிடும்.

இரண்டாம் பாடவேளை அளப்பதற்கு. பிள்ளைகள் தங்கள் வீட்டு வாசல் நிலையின் உயரத்தையும், சுவரின் கனத்தையும் தங்கள் சாணால் அளந்து நோட்டில் எழுதிவர வேண்டும். இப்போது கட்டும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையில் ஏறக்குறைய ஒன்றரைச் சாண் வரும். ஹாலோபிளாக் சுவர் ஒரு சாணோடு நின்றுவிடும். இந்தக் கணக்கு கையில் இருந்தால்தான், பழைய வீட்டின் வாசலில் நிற்கும்போது பிள்ளைக்கு ஒப்பிட ஏதாவது இருக்கும்.

கிளம்பும் நாளில் முதல் கவலை வாந்தி. வெறும் வயிற்றில் வருகிற பிள்ளையும், வயிறு முட்டத் தின்றுவிட்டு வருகிற பிள்ளையும் தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் ஒரே கதிக்கு வந்துவிடுவார்கள். இட்லி இரண்டு போதும் என்று முதல் நாளே சொல்லி, முன்இருக்கைகளை அவர்களுக்கு ஒதுக்கி, எலுமிச்சம்பழமும் பையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் நம் தருமபுரியைவிட உயரமான மேட்டு நிலம் என்பதால் மார்கழியில் காலைக் குளிர் உறைக்கும்; ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்வது அவசியம்.

வீட்டை அடைந்ததும் பத்துப் பத்துப் பேராகப் பிரித்துவிட்டு, ஒரு குழுவை மட்டும் உள்ளே அனுப்புங்கள். வெளியே இருக்கும் குழுக்களுக்கு வேலை கொடுக்காவிட்டால் அவர்களே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அது நமக்குப் பிடித்த வேலையாக இராது. ஒரு குழு வீட்டின் முகப்பை வரையட்டும். இன்னொரு குழு, ஆசிரியர் ஒருவர் உடனிருக்க, தெருவில் இருக்கும் பெரியவர்களிடம் பேசட்டும். ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருப்பவர்கள் நிறைய உண்டு. நம் வகுப்பிலும் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். வகுப்பில் வாய் திறக்காத அந்தப் பிள்ளைதான் அன்றைக்கு எல்லோருக்கும் மொழிபெயர்ப்பாளர்.

உள்ளே செல்லும் குழுவுக்கு ஒரே ஒரு கேள்வி: எது பழையது, எது பிறகு வந்தது? ஸ்விட்ச் பெட்டியையும் மின்விசிறியையும் எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். அதற்கு மேலே அவசரப்படாமல் நின்றால் சுவர்ப்பூச்சு, தரை, கதவு, கூரை என்று ஒவ்வொன்றாகக் கண் போகும். சீரமைப்பு என்றால் புதிதாகக் கட்டுவது அன்று, பழையதைத் தாங்கிப் பிடிக்கத் தேவையானதை மட்டும் சேர்ப்பது என்ற விளக்கத்தை அப்போது சொன்னால் போதும். சென்ற முறை ஒரு சிறுமி வாசல் நிலையின் பக்கவாட்டில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்து மும்முரமாகச் சாண் போட்டுவிட்டு, தன் நோட்டில் இருந்த எண்ணைப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து அளந்தாள். சுவரைத் தொட்டு அளக்கலாமா என்று காப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்; காட்சிப் பொருள்களைத் தொடக் கூடாது என்பதையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

படங்களை எல்லாம் பார்க்கச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு படம் என்று பிரித்துக் கொடுத்து, அதில் இருப்பவர்கள் யார், எந்த ஆண்டு, ராஜாஜிக்கு அப்போது என்ன வயது என்று கணக்கிடச் சொல்லுங்கள். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், 1948-இல் கவர்னர் ஜெனரல் பதவி, 1954-இல் பாரத ரத்னா என்ற மூன்று ஆண்டுகளைக் கரும்பலகையில் முன்பே எழுதிப்போட்டிருந்தால் அவர்களுக்கு அது கொழுகொம்பாக இருக்கும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தைப் பற்றிக் கேட்கக்கூடும். பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்ன அத்திட்டத்தைக் குலக்கல்வி என்று கூறிப் பலர் எதிர்த்ததையும், 1954-இல் ராஜாஜி பதவி விலகியபின் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டதையும் உள்ளபடியே சொல்லிவிடுங்கள். நினைவில்லத்தில் நின்றுகொண்டு இதைப் பேசலாமா என்று தயங்க வேண்டியதில்லை. மழுப்பினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மதியம் புளிசாதம் முடிந்ததும் 'சார், டேம் போகலாமா' என்ற குரல் நிச்சயம் எழும். கிருஷ்ணகிரிக்கு அருகே உள்ள கே.ஆர்.பி. அணைக்குப் போவதாக இருந்தாலும் காலையில் அதை வெளியிட்டுவிடாதீர்கள். சொன்னால் வீட்டுக்குள் நிற்கும்போதே மனம் அணைக்குப் போய்விடும். தண்ணீருக்கு அருகே போகத் துணைக்குப் பெரியவர்கள் போதாதென்றால், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். வெள்ளிக்கிழமையில் அது மூடியிருக்கும். வண்டி ஒவ்வோர் இடத்திலும் கிளம்பும் முன், தலையை எண்ணாமல் பட்டியலை வைத்துப் பெயர் கூப்பிடுங்கள்.

மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் 'நாங்கள் மகிழ்ச்சியாகச் சென்று வந்தோம்' என்றே இருக்கும். அதற்குப் பதிலாக, பார்த்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போடச் சொல்லுங்கள். வாசல் எந்தப் பக்கம், ஜன்னல் எங்கே என்று அவர்களுக்குள் சண்டை வரும். அது ஓய்ந்ததும், தங்கள் ஊரில் உள்ள மிகப் பழைய வீட்டின் சுவர் எத்தனை சாண் என்று அளந்துவரச் சொல்லி ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.