வாழை நார் கலந்த சிலிக்கோன் ரப்பர்: எங்கே தவறுகிறோம்?

வாழை நார் கலந்த சிலிக்கோன் துண்டை இயந்திரத்தில் இழுத்து அறுத்ததும், பிராஜெக்ட் மாணவர்கள் திரையில் வந்த எண்ணைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். அறுந்த முகத்தைப் பாருங்கள் என்பேன். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் போதும். ரப்பர் ஒரு துணுக்குகூட ஒட்டாமல் நார் சுத்தமாக நீட்டிக்கொண்டிருக்கிறதா? எதிர்ப்பக்கத்தில் வழவழவென்று ஒரு துளை தெரிகிறதா? அப்படியானால் நார் அறுந்து போகவில்லை, உருவிக்கொண்டு வந்துவிட்டது. சுமையை அது தாங்கவே இல்லை.

இதில் வியப்பில்லை. எதுவும் எளிதில் ஒட்டாது என்பதால்தான் கேக் அச்சுகளைச் சிலிக்கோனில் செய்கிறார்கள். நாரோ தண்ணீரோடு உறவாடும் பொருள். அதோடு, வாழை நார் தன் நீளத்தில் சில சதவீதம் நீள்வதற்குள்ளேயே அறுந்துவிடும். மென்மையான சிலிக்கோன் பல மடங்கு நீளும். இவை இரண்டையும் பிடித்து வைக்கும் பிணைப்பை நாம்தான் உண்டாக்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

முதலாவது ஈரம். வெறும் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் நாரிலும் அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நீர் இருக்கலாம். சூடாக்கி இறுக்கும்போது அது ஆவியாகி நாரைச் சுற்றிக் குமிழிகளாகிவிடும். பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகைச் சிலிக்கோனாக இருந்தால் நீரோடு வினை நடந்து ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரலாம். எடை குறைவது நிற்கும்வரை ஓவனில் 80 முதல் 100 டிகிரியில் உலர்த்துங்கள். எடுத்த உடனே சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் மேசைமேல் வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் அது மறுபடி ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

அடுத்தது காஸ்டிக் சோடா. சுமார் 5 சதவீதக் கரைசலில் ஊறவைத்தால் மெழுகும், ஹெமிசெல்லுலோஸ் என்ற நாரின் இடைப்பொருளும் போய் நாரின் மேல்பரப்பு சொரசொரப்பாகும். கூடுதல் நேரம் ஊறினால் கூடுதல் பலன் என்று நினைத்து இரவெல்லாம் விட்டுவிடுகிறார்கள். நாரே நலிந்துபோகும். கழுவுவதிலும் அவசரம் காட்டக் கூடாது. நாருக்குள் தங்கும் காரம், சூட்டில் சிலிக்கோன் சங்கிலியையே வெட்டக்கூடியது. கழுவிய நீர் லிட்மஸ் தாளில் நடுநிலை காட்டும்வரை கழுவுங்கள்.

என்னை அதிகம் வருத்தும் தவறு இனிமேல்தான் வருகிறது. சிலேன் என்பது நாரையும் அதைச் சுற்றியுள்ள பொருளையும் பிணைக்கப் பூசும் வேதிப்பொருள். எபாக்ஸி பிசின் வேலைகளில் அமீன் உள்ள அமினோ சிலேன் பூசிப் பழகியவர்கள் அதையே இங்கும் பூசிவிடுகிறார்கள். அமீன் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கிவிடும். கந்தகமும் அப்படித்தான், அதனால் கந்தகம் சேர்ந்த லேடெக்ஸ் கையுறைகூட ஆகாது. வெளியே துண்டு நன்றாக இறுகியதுபோல் இருக்கும். நாரைச் சுற்றி மட்டும் பிசுபிசுப்பான ஒரு படலம் நின்றுவிடும். மாதக்கணக்கில் உழைத்த பிறகு இது தெரியவந்தால் மனசு விட்டுப்போகும். பிளாட்டினம் வகைக்கு வினைல் சிலேன் பொருந்தும். எதுவானாலும் ஒரு பேப்பர் கப்பில் நாலு நாரைப் போட்டு, கொஞ்சம் சிலிக்கோன் ஊற்றி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அப்புறம் மோல்டுக்குப் போகலாம்.

சோதனைக்கு வருவோம். இது ரப்பர், எபாக்ஸிப் பலகை அல்ல. ரப்பரை இழுத்துச் சோதிப்பதற்கான ஏஎஸ்டிஎம் டி412 அல்லது ஐஎஸ்ஓ 37 தர முறைப்படி டம்பெல் வடிவில் வெட்டி, நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டும். நீள நீள ரப்பர் மெலிந்து க்ரிப்பிலிருந்து நழுவும். இயந்திரம் நகர்ந்த தூரத்தையே நீட்சி என்று எடுத்தால் கணக்கு பிசகிவிடும். துண்டின் நடுவில் இரண்டு கோடு போட்டு, அவற்றின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

விறைப்பைக் காட்ட யங் குணகம் என்று ஒரே எண்ணைத் தருவதும் சரியல்ல. சிலிக்கோனின் கிராஃப் நேர்கோடாகப் போவதில்லை. 50, 100 சதவீத நீட்சியில் தகைவு, அதாவது குறுக்குப் பரப்பின் ஓர் அலகுக்கான விசை, எவ்வளவு என்று கொடுங்கள். முதல் முறை இழுத்தபோது இருந்த விறைப்பு இரண்டாம் முறை இருக்காது, இதற்கு முல்லின்ஸ் விளைவு என்று பெயர். புதுத் துண்டையும் ஏற்கெனவே இழுத்த துண்டையும் ஒப்பிட்டுவிட்டு, நார் செய்த வேலை என்று எழுதிவிடாதீர்கள்.

கொஞ்சமாக நார் சேர்த்ததும் இழுவலிமை குறைந்தால் பயந்துபோய் அந்த அளவீட்டை ஒதுக்க வேண்டாம். குட்டை நார் குறைவாக இருக்கும்போது அது பலத்தைக் கூட்டாமல் ரப்பரின் தொடர்ச்சியைத்தான் வெட்டுகிறது. விறைப்பு ஏறி, நீட்சி இறங்கி, வலிமையும் இறங்குவது சாதாரணம். எடை சதவீதத்தையும் கன அளவுச் சதவீதத்தையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. ரப்பரின் அடர்த்தி 1.1, நாருடையது 1.4 என்றால், எடையில் 10 சதவீத நார் கன அளவில் 8 சதவீதம்தான். கோட்பாட்டுச் சமன்பாடுகள் கேட்பது இந்த 8-ஐ.

கடைசியாக வெப்பம். சிலிக்கோன் 200 டிகிரி தாங்கும் என்று படித்துவிட்டு, கலவையும் தாங்கும் என்று எழுதிவிடுகிறார்கள். தனிச் சிலிக்கோனுக்குச் செய்வதுபோல 200 டிகிரியில் நாலு மணி நேரம் வைத்தும் எடுக்கிறார்கள். நாரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் அந்த வெப்பத்தையொட்டியே சிதையத் தொடங்கும். ஓவனைத் திறக்கும்போது வைக்கோல் கருகிய வாசனை வரும், வெளுப்பாக உள்ளே போன நார் பழுப்பாக வெளியே வரும். அந்தத் துண்டைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.