கீலெஸ் கார் சாவி: வீட்டிலேயே சோதித்துப் பார்க்கவும் பாதுகாக்கவும் எளிய வழிகள்

சாவி பாக்கெட்டிலேயே இருக்கும். கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒருமுறை பழகிவிட்டால் விட மனம் வராத வசதி இது. ஆனால் இதைப் பற்றிய திருட்டுப் பயமும், "இன்றைக்கு ஏன் திறக்க மாட்டேன் என்கிறது" என்ற தொல்லையும் ஒரே காரணத்தால்தான் வருகின்றன. பெரும்பாலான கார்களுக்குச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்ததா என்று மட்டும்தான் தெரியும்.

நீங்கள் கைப்பிடியைத் தொட்டதும் கார் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு சிக்னல் அனுப்புகிறது. அது ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் தூரம்தான் எட்டும். அதைக் கேட்ட சாவி 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. இந்தப் பதில் பல பத்து மீட்டர் போகும். கேள்வி குறைந்த தூரமே எட்டுவதால், பதில் வந்தால் சாவி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று கார் முடிவு கட்டிவிடுகிறது. திருடர்கள் பிடித்துக்கொண்டது இந்த நம்பிக்கையைத்தான். ஒருவர் கார் பக்கத்தில் நின்று கேள்வியை வாங்கி அனுப்புவார், இன்னொருவர் உங்கள் வாசல் பக்கம் நின்று அதைச் சாவியிடம் சேர்ப்பார். ரகசியக் குறியீடு எதையும் உடைக்க வேண்டியதில்லை. இதற்கு ரிலே தாக்குதல் என்று பெயர். 2011-இல் சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள்.

சரி, வேலையைத் தொடங்குவோம். கூடுதல் சாவியும், உதவிக்கு ஒருவரும், காரோடு வந்த கையேடும் இருந்தால் போதும்.

படி 1: உங்களுடையது எந்த வகை?

காரைப் பூட்டிவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்தபடி கைப்பிடியைத் தொடுங்கள், அல்லது அதிலுள்ள சிறு பட்டனை அழுத்துங்கள். திறந்தால் அது தானாகப் பதில் சொல்லும் சாவி. திறக்காமல், ரிமோட்டில் பட்டனை அழுத்தினால் மட்டுமே திறந்து, வண்டியைக் கிளப்பவும் சாவியைத் துளையில் போட்டுத் திருக வேண்டியிருந்தால், ரிலே பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2, 3, 4 படிகளைத் தாண்டிவிடலாம். அதற்கு வேறு பலவீனம் உண்டு: நீங்கள் பூட்டும் நேரத்தில் அருகிலிருந்து யாராவது சிக்னலைத் தடுத்தால் கார் பூட்டாமலேயே நிற்கும்.

படி 2: தூரத்தை அளந்து பாருங்கள்

சாவியை உதவியாளரிடம் கொடுத்து ஓட்டுநர் கதவருகே நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கைப்பிடியை இழுங்கள். திறந்ததும் மறுபடி பூட்டிவிட்டு, அவரை ஓர் அடி பின்னே நகரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் திறப்பது நிற்கிறதோ அதுதான் உங்கள் சாவியின் எல்லை. குறித்து வையுங்கள், பின்னால் பேட்டரியைச் சந்தேகிக்கும்போது இந்த அளவு உதவும்.

வீட்டில் சாவியை வைக்கும் இடம் இந்த எல்லைக்குள் இருந்தால் உடனே மாற்றுங்கள். திருட்டு ஒருபுறம் இருக்கட்டும், காரும் சாவியும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தால் இரண்டின் பேட்டரியும் வீணாகும். வாசல் கதவுக்கு அருகே ஆணியில் மாட்டும் பழக்கத்தையும் விடுவது நல்லது. ஆனால் வீட்டின் உள்ளே தள்ளி வைப்பது மட்டுமே போதாது, சிக்னலைப் பெருக்கும் கருவிகள் இருக்கின்றன.

படி 3: சிக்னலைத் தடுக்கும் பை

ஃபாரடே பை என்று விற்கிறார்கள். உள்ளே உலோக இழை கலந்த துணி இருக்கும். வாங்கியதும் நம்பிவிட வேண்டாம். சாவியை உள்ளே போட்டு, வாயை முழுதாக மூடி, பையைக் கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்துக் கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் பை உதவாது. திறக்காவிட்டால், இன்னொரு சாவியால் கதவைத் திறந்து, அந்தச் சாவியைத் தூரத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, பையோடு உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். துணி மடியும் இடத்தில் நாளடைவில் இழை விட்டுப்போகும், ஆகவே அவ்வப்போது இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். பீரோவில் தூங்கும் கூடுதல் சாவிக்கும் ஒரு பை வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அலுமினியத் தாள் சுற்றினால் வேலை செய்யலாம், ஆனால் சீக்கிரம் கிழியும். மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கும் யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். யாராவது தெரியாமல் ஆன் செய்தால் சாவியும் போகும், அடுப்பும் போகும்.

படி 4: சாவியைத் தூங்க வைப்பது

என்னைக் கேட்டால் பையை விட இதுதான் மேல், ஏனென்றால் கூடுதலாக எதையும் சுமக்க வேண்டாம். பல கார்களில் திரையின் செட்டிங்ஸ் பகுதியிலேயே, தொட்டால் திறக்கும் வசதியை நிறுத்தலாம். டொயோட்டாவின் பல ஸ்மார்ட் சாவிகளில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இருமுறை அழுத்தினால் சிறு விளக்கு 4 முறை மின்னும். சாவி தூங்கிவிட்டது என்று பொருள். எந்தப் பட்டனை அழுத்தினாலும் விழித்துக்கொள்ளும். மற்ற நிறுவனங்களில் முறை மாறும், கையேட்டைப் பாருங்கள்.

புதிய சாவிகள் சிலவற்றில் அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் தானே தூங்கிவிடும். உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்க்க, காரைப் பூட்டி, சாவியைக் கதவருகே தரையில் வைத்துவிட்டு, சில நிமிடம் கழித்து அதை அசைக்காமல் கைப்பிடியை இழுங்கள். திறக்காவிட்டால் இருக்கிறது. பாக்கெட்டில் போட்டு நடக்கும்போது அது விழித்தேதான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உண்மையான தீர்வு, சாவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காரே அளப்பதுதான். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற முறையில் சிக்னல் போய்வர எடுக்கும் நேரத்தைக் கார் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு மீட்டர் கடக்க 3.3 நானோ நொடி ஆகும். இடையில் எத்தனை கருவி வைத்தாலும் நேரம் கூடுமே தவிர குறையாது. மொபைலையே கார் சாவியாக்கும், 2021-இல் வந்த டிஜிட்டல் கீ 3.0 தரம் இதைப் பயன்படுத்துகிறது. புதிய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

படி 5: பேட்டரி மாற்றுவது

எல்லை சுருங்குவது, இரண்டு தடவை அழுத்த வேண்டியிருப்பது, டாஷ்போர்டில் எச்சரிக்கை வருவது இவைதான் அறிகுறிகள். சாவியின் பக்கத்திலுள்ள சிறு விசையைத் தள்ளி உலோகச் சாவியை வெளியே இழுங்கள். அந்த இடத்தில் தெரியும் பிளவில் துணி சுற்றிய சிறிய ஸ்க்ரூடிரைவரை வைத்து மெதுவாகத் திருகினால் மூடி பிரியும். பழைய பேட்டரியில் பொறித்திருக்கும் எண்ணையும், பிளஸ் பக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிஆர்2032, சிஆர்2025 இரண்டும் 20 மில்லிமீட்டர் அகலம்தான். முதலாவது 3.2 மில்லிமீட்டர் தடிமன், அடுத்தது 2.5. மாற்றிப் போட்டால் தொடர்பு விட்டு விட்டு வரும். குழந்தைகள் விழுங்காதபடி கசப்புப் பூச்சு கொண்ட பேட்டரிகளும் கிடைக்கின்றன. சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடர்பைத் தடுக்கும். புதிதாகப் போட்டும் வேலை செய்யாவிட்டால் அதையும் சந்தேகியுங்கள். பழையதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 6: சாவி செத்துப்போனால்?

இதை நிதானமான ஒரு பகல் நேரத்தில் ஒத்திகை பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு உலோகச் சாவியால் கதவைத் திறங்கள். சாவித் துளை கைப்பிடியில் ஒரு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். அலாரம் கத்தலாம், பயப்பட வேண்டாம். சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்துங்கள். கிளட்ச் உள்ள வண்டியில் அதையும் மிதியுங்கள். சில கார்களில் சாவி வைக்க நடுவில் தனி இடம் இருக்கும். உள்ளேயுள்ள சிறு சிப், காரின் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் பேட்டரி இல்லாமலும் வண்டி கிளம்பும்.

பேட்டரி நன்றாக இருந்தும் சாவி தகராறு செய்தால், கூடுதல் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே செய்யாவிட்டால் காரின் 12 வோல்ட் பேட்டரியையோ கைப்பிடி சென்சாரையோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் திறக்காவிட்டால் அங்கே ஏதோ ரேடியோ இடைஞ்சல். மொபைலும் சாவியும் ஒரே பாக்கெட்டில் ஒட்டிக் கிடந்தாலும், வயர்லெஸ் சார்ஜர் மேல் சாவியை வைத்தாலும் இப்படி ஆகும்.

படி 7: பூட்டியதை உறுதி செய்வது

கைப்பிடியை இழுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் சாவி பாக்கெட்டில் இருக்கும்போது இழுத்தால் கார் உங்களுக்காகத் திறந்துவிடும்! அதனால் விளக்கு மின்னுவதையும் கண்ணாடிகள் மடங்குவதையும் பாருங்கள். இறங்கும் முன் இன்ஜின் நின்றுவிட்டதா என்றும் பாருங்கள். சாவியோடு நீங்கள் விலகிப் போனாலும் ஓடும் இன்ஜின் நிற்காது. மூடிய ஷெட்டில் அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

படி 8: ஃபாரடே பையால் தடுக்க முடியாதவை

சாவியைத் தொடாமலேயே திருடுவதும் உண்டு. முகப்பு விளக்கின் வயர் வழியாகக் காரின் உள் நெட்வொர்க்கில் பொய்ச் செய்தி அனுப்பித் திறக்கும் முறையை 2023-இல் கென் டிண்டெல் என்ற பொறியாளர் விரிவாக விளக்கினார். இதற்கு ஃபாரடே பையால் பயனில்லை. ஸ்டீயரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு பழசுதான், ஆனாலும் திருடனின் நேரத்தைத் தின்னும். வண்டியை ஓட்ட பின் நம்பர் கேட்கும் வசதி உங்கள் காரில் இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

பழைய கார் வாங்கியவர்களுக்கு இன்னொரு வேலை: எத்தனை சாவிகள் காரில் பதிவாகி இருக்கின்றன என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, உங்கள் கையில் இல்லாதவற்றை அழிக்கச் சொல்லுங்கள். அழித்த சாவியால் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது. அதற்குள் இருக்கும் உலோகச் சாவி மட்டும் கதவைத் திறக்கும். அதையும் தடுக்க வேண்டுமென்றால் கதவுப் பூட்டையே மாற்ற வேண்டும்.