குதிகாலுக்கு மேல வலி, செருப்ப மாத்துனதும் பாதி கொறஞ்சுது

காலைல மொத அடி வைக்கும்போதே குதிகாலுக்கு மேல பின்பக்கம் சுருக்குனு இழுக்கும், ஆக்கிலிஸ் டெண்டான்னு (கெண்டைக்கால் சதைய குதிகால் எலும்போட இணைக்கிற தசைநாண்) பிசியோ சொன்னாரு. வேலூர் வெயிலுக்கு எல்லாரும் மாட்டுறது தட்டையான ரப்பர் செருப்பு தானே, அதுல குதிகால் தாழ்வா இருக்கறதால டெண்டான் ஒவ்வொரு அடிக்கும் அதிகமா இழுபடுது, கழண்டுடாம இருக்க விரல வேற இறுக்கிப் புடிக்கிறோம். அதனால முன்பக்கத்த விட குதிகால் 10 மிமீ கிட்ட உசரமா இருக்கற ஷூ வாங்குனேன் (ஆம்பூர், ராணிப்பேட்டைல ஊர் உலகத்துக்கே ஷூ தைக்கிறாங்க, நமக்கு மட்டும் எப்பவும் செருப்பு!). பின்விளிம்பு சாஃப்ட்டா இருக்கணும், கெட்டியா இருந்தா வலிக்கிற எடத்துலயே உரசும். வீட்டு டைல்ஸ்லயும் வெறுங்கால் கெடையாது.

ஆனா ஷூ வலிய தான் கொறைக்கும், டெண்டான பலமாக்காது. அதுக்கு படி விளிம்புல நின்னு குதிகால மெதுவா எறக்குற பயிற்சி, 15 தடவ 3 செட், காலைலயும் சாயங்காலமும், 12 வாரம். எலும்புல ஒட்டுற எடத்துலயே வலின்னா படிக்கு கீழ எறக்காதீங்க, சமதரையே போதும். இப்ப கோட்டைய சுத்தி நடக்குறேன், ரத்தினகிரி மலைக்கோயில் படி இன்னும் ஏறல.