மார்ச் 1-க்கு வெல்ஷ் கேக்

மார்ச் 1 வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் டேவிட்டின் நாள். அன்று சட்டையில் டாஃபடில் பூவோ, வெங்காயத்தாள் போன்ற லீக் என்ற காய்கறியோ குத்திக்கொள்வார்கள். தலைநகர் கார்டிஃபில் ஊர்வலம் நடக்கும். வீட்டிலேயே கொண்டாட நினைப்பவர்களுக்கு வெல்ஷ் கேக்தான் சுலபமான வழி. பெயர்தான் கேக், ஓவன் அடுப்பு தேவையே இல்லை. அங்கே கனமான இரும்புக் கல்லில் சுடுகிறார்கள். நம் தோசைக்கல் தாராளமாகப் போதும்.

225 கிராம் மைதாவில் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள் கலந்து, 110 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் பிசிறுங்கள். ரவை மாதிரி உதிர வேண்டும். அப்புறம் 85 கிராம் சர்க்கரை, ஒரு கைப்பிடி சின்னக் கறுப்பு உலர்திராட்சை, ஒரு முட்டை. மாவு சேராவிட்டால் மட்டும் சொட்டுப் பால். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தால் இறுகிவிடும். அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் தேய்த்து, டம்ளர் வாயால் வெட்டுங்கள்.

பலரும் கோட்டை விடுவது அடுப்பில்தான். கல் காய்ந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, லேசாக வெண்ணெய் தடவி, பக்கத்துக்கு 3 நிமிடம் போல விடுங்கள். தீ கூடினால் மேலே கருகி, நடுவில் பச்சை மாவு நிற்கும். முதலில் ஒன்றே ஒன்று சுட்டுப் பிய்த்துப் பார்ப்பது நல்லது. எடுத்ததும் சூட்டோடு சர்க்கரையில் புரட்டுங்கள்; ஆறினால் ஒட்டாது.

வேல்ஸ் நண்பர்களுக்குக் கொடுத்தால், ‘டீத் கூயில் டெவி ஹாப்பிஸ்’ (வெல்ஷ் மொழியில் ‘புனித டேவிட் நாள் வாழ்த்துகள்’) என்று வாழ்த்திக் கொடுங்கள்.