புள்ளடியும் சரியும்: கட்டப் புதிரை அவிழ்ப்பதும் ஆக்குவதும்

சுடோக்கு போடுவதில் கைதேர்ந்த பலர், குறிப்புகள் சொற்களில் தரப்படும் கட்டப் புதிரைக் கண்டதும் ஒதுங்கிவிடுகிறார்கள். ‘நான்கு பேர், நான்கு இடங்கள், நான்கு பொருட்கள்; யார் எங்கே, யாரிடம் எது?’ என்று கேட்கும் புதிரை மனக்கணக்காகப் போட முயன்று, பாதி வழியில் குழம்பி, கடைசியில் ஊகித்து ஒரு விடையை எழுதிவிடுவதே அவர்களுடைய அனுபவமாக இருக்கும். உண்மையில் இந்த வகைக்கு ஊகம் தேவையே இல்லை. ஒரு சதுர றூள் கொப்பியும் பென்சிலும் அழிறப்பரும் இருந்தால் போதும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இதைக் கற்றுக்கொடுக்கலாம்.

இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற ஒரு புதிர், 1962ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி ‘லைஃப் இன்டர்நேஷனல்’ சஞ்சிகையில் வெளிவந்தது. ஐந்து வீடுகள், ஐந்து நாட்டவர், ஐந்து செல்லப் பிராணிகள் என்று போகும் அந்தப் புதிரின் இறுதியில், தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை வைத்திருப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. ஐன்ஸ்டீன் சிறுவயதில் ஆக்கியது என்று இன்றும் வட்ஸ்அப்பில் சுற்றுவது இதுதான். அந்தக் கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. நமக்கு வேண்டிய பாடம் வேறு. அந்தப் புதிரின் குறிப்புகள் எதிலும் தண்ணீரோ வரிக்குதிரையோ வருவதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் உரியவர்களைக் கண்டுபிடித்த பின்னர், எஞ்சிய வெற்றிடத்தில்தான் அவை வந்து அமர்கின்றன.

இனி, நம் ஊர்ப் புதிர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாலை நேரத்தில் கோட்டை நிலையத்திலிருந்து பாணந்துறைப் பக்கம் போகும் கடலோரப் புகையிரதத்தில் தேவி, மாலா, ரிஸ்வான், குகன் ஆகிய நால்வரும் ஏறினார்கள். கொம்பனித்தெருவைக் கடந்த பின்னர் வரும் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை ஆகிய நான்கு நிலையங்களிலும் இந்த வரிசைப்படி நிலையத்துக்கு ஒருவராக அவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் வழியில் ஒரு சிற்றுண்டி சாப்பிட்டார்கள்; வடை, றோல்ஸ், பற்றீஸ், கட்லட் ஆகியவற்றுள் ஒருவர் சாப்பிட்டதை மற்றவர் சாப்பிடவில்லை. குறிப்புகள் இவை:

1. தேவி இறங்கிய நிலையத்துக்கு அடுத்த நிலையத்தில், றோல்ஸ் சாப்பிட்டவர் இறங்கினார்.
2. மாலா, றோல்ஸ் சாப்பிட்டவருக்குப் பின்னரே இறங்கினார்.
3. கொள்ளுப்பிட்டியில் இறங்கியவர் சாப்பிட்டது பற்றீஸ்.
4. தேவி சாப்பிட்டது பற்றீஸும் அல்ல, கட்லட்டும் அல்ல.
5. ரிஸ்வான் றோல்ஸ் சாப்பிடவில்லை.

மேலே வாசிப்பதற்கு முன்னர் ஒருமுறை தனியே முயன்று பார்க்க விரும்புபவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் கட்டம் வரைய வேண்டும். கொப்பியில் இடப்பக்கம் நான்கு பெயர்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலே, இடமிருந்து வலமாக, நான்கு நிலையங்களையும் அவற்றை அடுத்து நான்கு சிற்றுண்டிகளையும் எழுதுங்கள். இப்போது பெயர்களுக்கு நேரே இரண்டு பெட்டிகள் கிடைக்கும்: ஒன்று பெயரையும் நிலையத்தையும் இணைப்பது, மற்றது பெயரையும் சிற்றுண்டியையும் இணைப்பது. பெயர்களுக்குக் கீழே சிற்றுண்டிகளை இன்னொரு முறை எழுதி, நிலையங்களின் கீழ் மட்டும் மூன்றாவது பெட்டியை வரையுங்கள். பெட்டிக்கு 16 கட்டங்கள் வீதம் மொத்தம் 48 கட்டங்கள் இருக்கும். தொடக்கநிலையாளர்கள் பலர் இந்த மூன்றாவது பெட்டியை வீண் வேலை என்று எண்ணி விட்டுவிடுவார்கள்; பிறகு நடுவழியில் சிக்கிக்கொள்வதும் அதனால்தான். ஒரு சிற்றுண்டிக்கும் ஒரு நிலையத்துக்கும் உள்ள உறவு, அதை யார் சாப்பிட்டார் என்பது தெரியவருவதற்கு முன்னரே தெரிந்துவிடலாம். அதைப் பதிவு செய்ய வேறு இடம் இல்லை.

அடையாளங்கள் இரண்டுதான். பொருந்தாது என்று உறுதியாகத் தெரிந்தால், வாக்குச் சீட்டில் இடுவது போலப் புள்ளடி. பொருந்தும் என்று உறுதியானால் சரி. ஒரு பெட்டிக்குள் ஒரு சரி விழுந்த உடனேயே, அதே வரிசையிலும் அதே நிரலிலும் உள்ள மற்ற ஆறு கட்டங்களுக்கும் புள்ளடி போட்டுவிட வேண்டும். இதைப் பிறகு போடலாம் என்று தள்ளி வைப்பவர்கள்தான் அதிகம் பிழை விடுகிறார்கள்.

முதலாம் குறிப்பை மெதுவாக வாசியுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அது எந்தக் கட்டத்தையும் நேரடியாக நிரப்பவில்லை. ஆனால் அதற்குள் மூன்று புள்ளடிகள் ஒளிந்திருக்கின்றன. தேவியும் றோல்ஸ் சாப்பிட்டவரும் வேறு வேறு ஆட்கள். ஆகவே தேவிக்கும் றோல்ஸுக்கும் இடையே ஒரு புள்ளடி. தேவிக்குப் பின்னர் இன்னொருவர் இறங்க வேண்டியிருப்பதால், தேவி தெஹிவளையில் இறங்கியிருக்க முடியாது. தெஹிவளைக்கு அப்பால் கல்கிசை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நம் புதிரில் அங்கே எவரும் இறங்குவதில்லை. அவ்வாறே, தமக்கு முன்னர் ஒருவர் இறங்கியிருப்பதால், றோல்ஸ் சாப்பிட்டவர் கொள்ளுப்பிட்டியில் இறங்கியிருக்க முடியாது. இந்த மூன்றாவது புள்ளடி கீழ்ப் பெட்டியில்தான் விழுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் குறிப்பிலிருந்தும் இதேபோல மூன்று கிடைக்கும்: மாலாவிடம் றோல்ஸ் இல்லை, மாலா கொள்ளுப்பிட்டியில் இறங்கவில்லை, றோல்ஸ் சாப்பிட்டவர் தெஹிவளையில் இறங்கவில்லை. இப்போது இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். றோல்ஸ் சாப்பிட்டவருக்கு எஞ்சியிருப்பவை பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் மட்டுமே. அப்படியானால் அவருக்கு ஒரு நிலையம் முன்னதாக இறங்கிய தேவிக்குக் கொள்ளுப்பிட்டி அல்லது பம்பலப்பிட்டி. அவருக்குப் பின்னர் இறங்கிய மாலாவுக்கு வெள்ளவத்தை அல்லது தெஹிவளை. முதற் பெட்டி இப்போது இவ்வாறு இருக்க வேண்டும். கோடு என்பது இன்னும் எதுவும் எழுதப்படாத கட்டம்; நிரல்கள் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை வரிசையாக வருகின்றன.

தேவி: – – × ×
மாலா: × × – –
ரிஸ்வான்: – – – –
குகன்: – – – –

ஒரு சரி கூட இன்னும் விழவில்லை. இந்த இடத்தில் பொறுமை இழந்து, ‘தேவி கொள்ளுப்பிட்டி என்றே வைத்துப் பார்ப்போமே’ என்று தொடங்கினால், இதுவரை சேர்த்த அத்தனையும் குழம்பும். அவ்வாறு வைத்துப் பார்ப்பது பெருங்குற்றம் அல்ல. கடினமான புதிர்களில் அதற்கும் இடமுண்டு. ஆனால் தொடங்கிய புதிதில் அந்தப் பழக்கம் வேண்டாம்.

மூன்றாம் குறிப்பு எளிது. கீழ்ப் பெட்டியில் பற்றீஸும் கொள்ளுப்பிட்டியும் சந்திக்கும் கட்டத்தில் சரி போட்டு, அந்த வரிசையையும் நிரலையும் புள்ளடியால் அடைத்துவிடுங்கள். நான்காம் குறிப்பு தேவியின் வரிசையில் பற்றீஸையும் கட்லட்டையும் நீக்குகிறது. றோல்ஸ் முன்னரே போய்விட்டது. ஆகவே தேவி சாப்பிட்டது வடை. குறிப்பு எதுவும் ‘வடை’ என்ற சொல்லைச் சொல்லாமலே வடை கிடைத்துவிட்டது.

அடுத்து வருவதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. தேவியும் வடையும் இனி ஒன்றே என்பதால், ஒன்றுக்கு விழுந்த புள்ளடி மற்றதற்கும் விழ வேண்டும். கீழ்ப் பெட்டியில் வடைக்கு நேரே கொள்ளுப்பிட்டியில் புள்ளடி இருக்கிறது, ஏனெனில் அங்கே இறங்கியது பற்றீஸ். அந்தப் புள்ளடியைத் தேவியின் வரிசைக்குக் கடத்துங்கள். தேவிக்கு எஞ்சியிருந்த இரண்டு நிலையங்களுள் ஒன்று போய், பம்பலப்பிட்டி மட்டும் நிற்கிறது. அங்கிருந்து எல்லாம் சீட்டுக்கட்டுச் சரிவது போலத்தான்: றோல்ஸ் வெள்ளவத்தையில், ஆகவே கட்லட் தெஹிவளையில், மாலா றோல்ஸுக்குப் பின்னர் இறங்கியவர் என்பதால் தெஹிவளையும் கட்லட்டும் அவருக்கே. எஞ்சிய இருவருள் ரிஸ்வான் றோல்ஸ் சாப்பிடவில்லை என்று ஐந்தாம் குறிப்பு சொல்வதால், அவர் பற்றீஸோடு கொள்ளுப்பிட்டியில் இறங்கினார். எந்தக் குறிப்பிலும் பெயர் வராத குகன், றோல்ஸோடு வெள்ளவத்தையில் இறங்கினார்.

ஒரு புதிரை அவிழ்த்து முடித்த கையோடு, அதை எவ்வாறு ஆக்கினார்கள் என்று பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. ஆக்குபவர் செல்லும் திசை நேர் எதிரானது. முதலில் எழுத வேண்டியது விடை. நான்கு வரிகளில் விடையை எழுதி, கண்ணெதிரே வைத்துக்கொண்டு, அந்த விடைக்கு உண்மையாக இருக்கும் கூற்றுகளை எழுதிக்கொண்டே போங்கள். பத்துப் பன்னிரண்டு கூற்றுகள் சேரட்டும். ‘தேவி வடை சாப்பிட்டார்’ போன்ற நேரடிக் கூற்றுகள் புதிரைச் சப்பென்று ஆக்கிவிடும். ஒன்றுக்கு மேல் வேண்டாம், ஒன்றுமே இல்லாவிட்டால் இன்னும் நல்லது. தேர்ந்தெடுக்கும் வகைகளுள் ஒன்று மட்டுமாவது இயல்பாகவே வரிசை உடையதாக இருக்கட்டும்: புகையிரத நிலையங்கள், கிழமைகள், மாடிகள், விலைகள். வரிசை இருந்தால்தான் ‘அடுத்து’, ‘முன்னர்’, ‘பின்னர்’ என்று சுற்றி வளைத்துப் பேச முடியும். என் அனுபவத்தில் புதிரின் சுவையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு குறிப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவும் முடியும். நால்வரை நான்கு நிலையங்களில் நிறுத்த 24 வழிகள், சிற்றுண்டிகளைப் பகிர 24 வழிகள். ஆக மொத்தம் 576 சாத்தியங்கள். முதலாம் குறிப்பு ஒன்றே அவற்றை 108 ஆக்குகிறது. இரண்டாவது 36 ஆக்குகிறது, மூன்றாவது 12, நான்காவது 2, ஐந்தாவது 1. கட்டத்தில் ஒரு சரி கூட விழாமல் நாம் தவித்துக்கொண்டிருந்த அந்த இடத்திலேயே, பதினாறில் பதினைந்து பங்கு சாத்தியங்கள் ஒழிந்துவிட்டன என்பது இந்த எண்களிலிருந்து தெரியும்.

விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விட்டுக்கொடுக்கவே முடியாத விதி. சுடோக்குவிலும் இதே கேள்விதான். ஒன்பதுக்கு ஒன்பது சுடோக்குவில் 16 எண்களை மட்டும் தந்து ஒரே விடையைக் கொண்டுவர முடியாது, குறைந்தது 17 வேண்டும் என்பதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மக்வயர் குழுவினர் 2012இல் கணினியின் துணையோடு நிறுவினார்கள். நமக்குக் கணினி தேவையில்லை. ஆனால் சோதனை தேவை.

இதை நான் கற்றுக்கொண்டது மானம் போன ஒரு நாளில். ஒரு போயா விடுமுறைக்கு வெள்ளவத்தையில் உறவினர்கள் கூடியபோது, இதே புதிரைப் பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் குறிப்பு அப்போது அதில் இல்லை. நானே ஆக்கிய புதிர் என்பதால் விடை என் தலைக்குள் இருந்தது. சோதித்துப் பார்த்தபோதும் ரிஸ்வானுக்குப் பற்றீஸை என் கை தானாகவே எழுதிவிட்டது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கால் மணித்தியாலத்தில் தாளைத் திருப்பித் தந்தார். “தம்பி, இதிலை ரெண்டு விடை வருது. நீ எதை நினைச்சு எழுதினனீ?” ரிஸ்வானையும் குகனையும் இடம் மாற்றினாலும் நான்கு குறிப்புகளும் பொருந்தின. இரண்டு விடைகளையும் அவர் வேறு வேறு நிறப் பேனையால் எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து நான் இரண்டு சோதனைகளைத் தவறவிடுவதில்லை. முதலாவது, புதிரை எழுதி மூன்று நாள் கழித்து, விடைத்தாளைப் பாராமல், வெறுங்கட்டத்தில் நானே போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு அடையாளம் இடும்போதும் அது எந்தக் குறிப்பால் வந்தது என்று ஓரத்தில் இலக்கமிட்டுக்கொள்கிறேன். இலக்கம் எழுத முடியாத அடையாளம், நினைவிலிருந்து வந்த அடையாளம். இரண்டாவது, குறிப்புகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்ப்பது. ஒரு குறிப்பை மறைத்த பின்னரும் விடை ஒன்றாகவே வந்தால் அந்தக் குறிப்பு மிகை, நீக்கிவிடலாம். சிறு பிள்ளைகளுக்கான புதிரில் மட்டும் அத்தகைய ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். மேலே உள்ள ஐந்தில் எதை மறைத்தாலும் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வரும்.

மொழியிலும் கண் வைக்க வேண்டும். ‘தேவிக்குப் பிறகு’ என்று மட்டும் எழுதினால் உடனடியாக அடுத்த நிலையமா, பிற்பாடு ஏதோ ஒரு நிலையமா என்ற ஐயம் எழும். தமிழில் சொல்லின் விகுதியே ஆண்பாலா பெண்பாலா என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பது வேறொரு கண்ணி: ‘வடை சாப்பிட்டவன்’ என்று எழுதிய கணமே தேவியும் மாலாவும் வடையிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். இந்தப் புதிர் முழுவதிலும் மரியாதைப் பன்மையை நான் பயன்படுத்தியிருப்பது மரியாதைக்காக மட்டும் அல்ல.

பயிற்சிக்கு, ஐந்தாம் குறிப்பை எடுத்துவிட்டு, குகனின் பெயர் வரும் புதிய குறிப்பு ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ‘குகன் ரிஸ்வானுக்குப் பின்னர் இறங்கினார்’ என்பது செல்லும். ‘குகன் கட்லட் சாப்பிடவில்லை’ என்பது செல்லாது. எஞ்சியிருக்கும் இரண்டு விடைகளிலும் கட்லட் மாலாவின் கையில்தான் இருக்கிறது.