சென்னையிலிருந்து சுங்கை சிப்புட்: நான்கு மணி நேரமா, ஒரு நாளா?

வேலைக்கோ கல்யாணமாகியோ தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் தோட்டப்புற ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "ஊரிலிருந்து எவ்வளவு தூரம்?" என்றுதான். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வான்வழியில் சுமார் 2,600 கி.மீ. திருச்சியிலிருந்து கொஞ்சம் கூடுதல். எங்கிருந்து ஏறினாலும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். ரஜூலா கப்பலில் ஒரு வாரம்போலக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்த கதையைச் சொன்ன பெரியவர்கள் மத்தியில் வளர்ந்த எனக்கு, இது இன்னும் அதிசயம்தான்.

ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மலேசிய நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 10 மணிக்குச் சென்னையில் ஏறினால், இறங்கும்போது இங்கே மாலை 4.30. குடிநுழைவு (இமிகிரேஷன்) வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஆறு மணி தாண்டிவிடும். அதற்குமேல் சுங்கை சிப்புட் இன்னும் 290 கி.மீ. போல இருக்கிறது. என் சின்னம்மா மகள் இப்படித்தான் பகல் விமானத்தில் வந்து, கடைசி ரயிலை விட்டுவிட்டு, பெட்டிகளோடு கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலில் இரவைக் கழித்தாள். பாவம், ஊருக்குப் புதுசு.

அதனால் நள்ளிரவு விமானம்தான் நல்லது. 12 மணிக்குக் கிளம்பினால் இங்கே காலை 6.30. அப்போதும் வெளிச்சம் வந்திருக்காது, பயப்படவேண்டாம். இங்கே பொழுது ஏழுக்கு மேல்தான் விடியும். விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் அரை மணி நேரம். பேருந்து ஒரு மணி நேரம் எடுக்கும், ஆனால் காசு மிச்சம். அங்கிருந்து இ.டி.எஸ். என்னும் மின்சார ரயிலில், பேராக்கின் தலைநகரான ஈப்போ வழியாகச் சுங்கை சிப்புட் மூன்று மணி நேரம்போல. எல்லா ரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்காது, பார்த்து எடுங்கள். தீபாவளி, தைப்பூச நேரத்தில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும். ரயில் கிடைக்காவிட்டால், விமான நிலையத்திலிருந்தே ஈப்போ அமான் ஜெயா நிலையத்துக்குப் பேருந்து உண்டு. அது ஈப்போவுக்கு வடக்கே நம் பக்கம் இருப்பதால், வீட்டாள் கார் எடுத்துவந்து அழைத்துப்போவதும் சுலபம்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கினார்கள். உங்கள் தேதிக்கு அது கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். தரைவழிப் பயணம் பாதியாகிவிடும்.

கிளம்புவதற்கு முன் மூன்று நாளுக்குள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

திரும்பும் வழியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவசரத்தில்தான் தேவைப்படும். ஊரில் யாராவது தவறிவிட்டார்கள் என்று விடியற்காலை செய்தி வந்தால், விமானத்தில் இடம் கிடைத்தால் அன்றிரவே சென்னையில் இறங்கலாம். போகும்போது நேரம் நமக்குச் சாதகம்: இங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் அங்கே 9.30 தான். ஆனால் அதற்குக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உங்கள் கையில் இருக்கவேண்டும். "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று முதலாளி கேட்டாலும் கொடுக்காதீர்கள். அடுத்தவர் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி இங்கே குற்றம். அலமாரியில் துணிக்கு அடியில் வையுங்கள், ஒரு நகலை ஊரில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.