பிறந்த வருஷத்தைப் பார்த்து ஆளை நடத்தாதீர்கள்: ஹோட்டல் மேனேஜர்கள் செய்யும் தவறுகள்

எந்த ஹோட்டலிலும் காலை ஷிஃப்ட் பிரீஃபிங்கை ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். ஹவுஸ்கீப்பிங்கில் ஓய்வுபெற இரண்டு வருஷமே இருக்கும் ஒரு சூப்பர்வைசர், ரிசப்ஷனில் போன மாதம் சேர்ந்த 20 வயதுப் பெண், நடுவில் 40-ஐத் தாண்டிய ரெஸ்டாரன்ட் மேனேஜர். வேறு அலுவலகமாக இருந்தால் இவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மெயிலிலேயே காலத்தை ஓட்டிவிடலாம். இங்கே அது நடக்காது. மூன்று மணிக்கு கெஸ்ட் பெட்டியோடு வந்து நிற்கும்போது அறை தயாராக இல்லை என்றால், இளசா பெருசா என்ற வழக்கை அவர் முன்னால் நடத்த முடியாது.

பலரும் முதலில் சறுக்குவது லேபிள் ஒட்டுவதில்தான். 1946 முதல் 1964 வரை பிறந்தவர்கள் பேபி பூமர், 1965 முதல் 1980 வரை ஜென் எக்ஸ், 1981 முதல் 1996 வரை மில்லினியல், 1997 முதல் ஜென் இசட். இப்படி நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு குணத்தை எழுதி, ஒரு நாள் பயிற்சி வகுப்பும் எடுத்துவிடுகிறார்கள். 1996 டிசம்பரில் பிறந்தவரும் 1997 ஜனவரியில் பிறந்தவரும் வேறு வேறு பிறவியா என்ன? வேலையிடத்து நிர்வாகத்துக்கு இந்தப் பிரிவுகள் உதவுமா என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் குழு போட்டு ஆராய்ந்து, 2020-ல் அறிக்கை வெளியிட்டன. இவற்றை வைத்து ஆட்களை நிர்வகிக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் சாரம். இந்த வருஷக் கணக்கைப் பரப்பியதில் பெரும் பங்கு உள்ள பியூ ஆராய்ச்சி மையமே 2023-ல், இனி இந்தப் பெயர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பயன்படுத்துவோம் என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது வாழ்க்கையில் ஒருவர் நிற்கும் இடத்தால் வருவது. கைக்குழந்தை இருப்பவர், வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்பவர், பகலில் படித்துக்கொண்டு மாலையில் வேலைக்கு வருபவர், முழங்கால் தேய்ந்தவர், இவர்கள் கேட்பது வேறு வேறாகத்தான் இருக்கும். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை, ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார்கள்' என்று புலம்புபவர்கள், தாங்கள் 22 வயதில் எத்தனை இடம் மாறினோம் என்று கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். ஆட்கள் வருவதும் போவதும் இந்தத் தொழிலில் புதிய சங்கதி இல்லை.

தலைமுறைச் சண்டை என்று என்னிடம் வந்த பஞ்சாயத்துகளில் பாதிக்கு மேல் அவிழ்த்துப் பார்த்தால் ரோஸ்டர் சண்டை, அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியலைப் பற்றிய சண்டை. கல்யாணம் ஆகாத சின்னப் பையன்தானே என்று ஒவ்வொரு விடுமுறை நாளும் அவன் தலையில் கட்டுவோம். சீனியர் ஆயிற்றே என்று நல்ல ஷிஃப்டை எல்லாம் ஒரே ஆளுக்குக் கொடுப்போம். இல்லையென்றால் வீட்டில் வேலை இருக்காது என்று நாமே முடிவு கட்டி, மதியம் நாலு மணிநேரம் சும்மா நிற்க வைக்கும் ஸ்பிளிட் ஷிஃப்டை வயதானவருக்குப் போடுவோம். எல்லாவற்றையும் விட மோசம், ராத்திரி பார் மூடிவிட்டுப் போன ஆளையே விடிகாலை திறக்கக் கூப்பிடுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி 24 மணிநேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணிநேர ஓய்வு கேட்கிறது. உங்கள் நாட்டில் அந்த விதி இருக்கிறதோ இல்லையோ, ஐந்து மணிநேரம் தூங்கிவிட்டு வந்தவர் கவுன்டரில் சிரிக்க மாட்டார், அவருக்கு 19 ஆனாலும் சரி 59 ஆனாலும் சரி. ரோஸ்டரை இரண்டு வாரம் முன்னாலேயே ஒட்டுங்கள், விடுமுறை நாள் வேலையைச் சுழற்சியில் விடுங்கள், மாற்றிக்கொள்ள ஒரே விதி வையுங்கள். பாதிப் பஞ்சாயத்து தானாக ஓய்ந்துவிடும்.

அடுத்தது கம்ப்யூட்டர். பெரியவர்களுக்கு வராது, சின்னவர்களுக்குப் பிறவியிலேயே வரும் என்று ஒரு நம்பிக்கை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அறை நிலவரத்தை டேப்லெட்டில் பதியும் முறையைக் கொண்டுவந்தோம். வயதான ரூம் அட்டென்டன்ட்கள் மூன்று பேர் மட்டும் அதைத் தொடவே இல்லை, பழையபடி பேப்பர் ஷீட்டில் டிக் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'மாற மாட்டார்கள்' என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் அவர்களில் ஒருவரோடு ஆறு அறை நடந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ரப்பர் கிளவுஸ் போட்ட கைக்கு அந்தத் திரை அசையவில்லை, எழுத்து எறும்பு அளவு, படிக்கிற கண்ணாடியோ கீழே லாக்கரில். எழுத்தைப் பெரிதாக்கி, டிராலியில் டேப்லெட்டுக்கு ஒரு ஸ்டாண்டும் வைத்தோம், ஒரு வாரத்தில் பேப்பர் காணாமல் போனது. இதற்கு நேர்மாறாக, விரல் நுனியில் போனை ஆட்டுகிற பையனுக்கு ரிசர்வேஷன் சாஃப்ட்வேரில் ரேட் கோடு (எந்த வகைக் கட்டணம் என்பதற்கான குறியீடு) என்றால் என்ன, நோ-ஷோவை, அதாவது அறை பதிவு செய்துவிட்டு வராமல் போனவர் கணக்கை, எப்படி முடிப்பது என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். போன் வேறு, சாஃப்ட்வேர் வேறு. சிஸ்டம் படுத்துவிட்ட ராத்திரியில், முன்கூட்டியே அச்செடுத்த இன்-ஹவுஸ் லிஸ்டை (தங்கியிருப்பவர்கள் பட்டியலை) வைத்துக்கொண்டு கையாலேயே கணக்கை முடிக்கும் பழைய நைட் ஆடிட்டரின் அருமை அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப் குரூப் தனித் தலைவலி. முக்கியமான தகவலை ராத்திரி பதினொரு மணிக்கு அதில் போட்டுவிட்டு, காலையில் 'பார்க்கலையா?' என்று கேட்பது நியாயமே இல்லை. கெஸ்ட் சம்பந்தப்பட்டது எல்லாம் லாக் புக்கிலும், ஷிஃப்ட் மாறும்போது கொடுக்கும் ஹேண்ட்ஓவரிலும் இருக்கட்டும், குரூப் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள மட்டும்.

'ஏன்?' என்று கேட்பதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்வது சீனியர்களிடம் நான் அதிகம் பார்க்கிற தவறு. செக்-இன் செய்யும்போது அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சாவி அட்டையின் உறையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று ஒரு பழக்கம் உண்டு. 'சொல்லாதே என்றால் சொல்லாதே' என்று மட்டும் கற்றுக்கொண்ட பெண், வரிசையில் முப்பது பேர் நிற்கும் நாளில் அதை மறந்துவிடுவாள். தனியாகத் தங்க வந்திருக்கும் ஒருவரின் அறை எண் லாபியில் நிற்கும் யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்ற காரணத்தைச் சொன்னால் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். சொல்ல அரை நிமிஷம்தான் ஆகும். இதே போல, கத்துகிற கெஸ்டை எப்போது பேசவிட வேண்டும், எப்போது லாபியிலிருந்து மெதுவாக உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்பதெல்லாம் எந்த மேனுவலிலும் பிடிபடாது, பழைய ஆள் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். கற்றுக்கொடுப்பது ஒரு திசையில் மட்டும் போக வேண்டியதும் இல்லை. 1999-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் தன் மேல்மட்ட அதிகாரிகள் 500 பேரை, இன்டர்நெட்டை இளையவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார். ஹோட்டலில் இதைச் செய்யப் பெரிய திட்டம் தேவையில்லை, ஒரே ஷிஃப்டில் இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டால் போதும்.

பாராட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆன்லைன் ரிவ்யூவில் யார் பெயர் வந்ததோ அவருக்குப் பரிசு என்று வைத்தால், பரிசு எப்போதும் முன்பக்கம் நிற்பவருக்கே போகும். பாத்திரம் கழுவுபவர், லாண்டரியில் நிற்பவர், ராத்திரி ஷிஃப்ட் ஆள், இவர்கள் பெயர் எந்த கெஸ்டுக்குத் தெரியும்? வயதானவர்களைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம் அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்! முன்பக்கத்துக்கு இளமையான முகம் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது பல நாடுகளில் சட்டச் சிக்கலும்கூட. அமெரிக்காவில் 1967-ல் வந்த சட்டம் இன்று 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது, பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் இளையவர், மூத்தவர் இருவரையும் காக்கிறது.

கடைசியாக, 26 வயது சூப்பர்வைசருக்குக் கீழே 50 வயது கேப்டன் (ரெஸ்டாரன்டில் வெயிட்டர்களை வழிநடத்துபவர்). இதில் அந்த இளைஞரைக் குற்றம் சொல்வார்கள், இல்லையென்றால் கேப்டனை. தவறு பெரும்பாலும் மேலே இருப்பவர் செய்தது: பதவியைக் கொடுத்துவிட்டு, எதை இவர் முடிவு செய்வார், எதை அவர் முடிவு செய்வார் என்று இருவரிடமும் சொல்லாமல் விட்டது. கேப்டன் ஏதாவது புகாரோடு நேராக ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) அறைக்குப் போய், ஜி.எம்.மும் பழைய பழக்கத்தில் அங்கேயே தீர்த்து வைத்தால், அந்தப் பையனின் பதவி அன்றோடு முடிந்தது. 'அவரிடம் பேசினீர்களா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். பையனிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: திருத்த வேண்டியதை டேபிளுக்கு முன்னாலும் ஜூனியர்கள் முன்னாலும் சொல்லாதே, ஷிஃப்ட் முடிந்து, பேன்ட்ரியில், தனியாகச் சொல்.